பொற்கிழியும் வாக்கெடுப்பும்: எந்த நாவலுக்குப் பரிசு?

ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயர் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெறுவதற்கு ஒரு வாதப் போட்டியும் காரணம். பாண்டியன் ஸ்ரீவல்லபனின் அவையில் பொற்கிழி ஒன்று கட்டித் தொங்கவிடப்பட்டது. பரம்பொருள் யார் என்பதை ஐயமற நிறுவுபவருக்கு அது உரியது. நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிக்கொண்டிருந்த விட்டுசித்தர் மதுரைக்குச் சென்று வாதிட்டார். கிழி தானே தாழ்ந்து அவர் கைக்கு எட்டியது என்பது வைணவ மரபு சொல்லும் கதை. கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் பாடிய ஆமுக்தமால்யத காவியத்திலும் இந்த வாதம் இடம்பெறுகிறது. அக்காவியத்தைத் தமிழாக்கியவர் பக்கத்து ஊரான இராஜபாளையத்தைச் சேர்ந்த மு.கு. ஜகந்நாதராஜா.

திருவிளையாடல் மரபில் வரும் தருமியின் பொற்கிழியை எல்லோரும் அறிவர். அங்கே இறைவனே எழுதிய பாட்டிலும் பொருட்குற்றம் உண்டு என்று நக்கீரர் அவை நடுவில் எழுந்து சொல்கிறார். இந்த இரண்டு கதைகளின் வரலாற்றுண்மை நமக்கு இங்கே முக்கியமன்று. இரண்டிலும் ஒரு பொதுக் கூறு இருக்கிறது. பரிசு ஊரறியத் தொங்குகிறது. அதற்கான வாதம் ஊரறிய நடக்கிறது. மறுப்பவர் முகம் தெரிய மறுக்கிறார். காரணம் சொல்லாமல் யாரும் கிழியை அறுத்துக்கொண்டு போவதில்லை.

பரிசைப் பற்றி இப்படிக் கற்பனை செய்து வைத்திருந்த ஒரு மொழியில், இருபதாம் நூற்றாண்டில் நாவலுக்குப் பரிசு கொடுக்கும் முறை எப்படி அமைந்தது? நாட்டளவில் தமிழுக்காகப் பேச வேண்டிய நாவல் எது என்ற வழக்கு எங்கே நடந்தது, யார் நடத்தினார்கள்? இவற்றைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டொரொண்டோவில் ஒரு பட்டிமன்றம்

முதலில் கடல் கடந்து சென்று வருவோம். கனடாவின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி. வானொலி 2002இல் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. 'கனடா ரீட்ஸ்' என்பது அதன் பெயர். ஐந்து புத்தகங்கள், ஐந்து வழக்காடிகள். வழக்காடிகள் பெரும்பாலும் விமரிசகர்கள் அல்லர். பாடகர், நடிகர், அரசியல்வாதி, விளையாட்டு வீரர் எனப் பொதுவாழ்வில் அறியப்பட்டவர்கள். ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்துக்காக நிற்பார். நாடு முழுவதும் இந்த ஆண்டு படிக்க வேண்டிய புத்தகம் இதுதான் என்று வாதிடுவார். சுற்றுக்கு ஒரு புத்தகம் வாக்கெடுப்பில் வெளியேறும். எஞ்சும் ஒன்று வெற்றி பெறும். பின்னாளில் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் அது விரிந்தது.

முதலாண்டுப் பட்டியலில் மார்கரெட் அட்வுட், மார்கரெட் லாரன்ஸ், ஜார்ஜ் எலியட் கிளார்க் ஆகியோருடன் ரோகின்டன் மிஸ்திரியும் மைக்கேல் ஒண்டாச்சியும் இருந்தார்கள். அட்வுட்டின் நாவலுக்காக வாதிட்டவர் அந்நாட்டின் முன்னாள் பிரதமர் கிம் காம்ப்பெல். ஒரு நாவலுக்காக முன்னாள் பிரதமர் ஒருவர் வானொலி நிலையத்தில் அமர்ந்து வழக்காடுவதை நம் ஊரில் கற்பனை செய்து பார்க்கலாம். இறுதியில் வென்றது ஒண்டாச்சியின் 'இன் த ஸ்கின் ஆஃப் எ லயன்'. டொரொண்டோ நகரின் பெரிய பாலத்தையும், ஏரிக்கு அடியே சுரங்கம் குடைந்து குடிநீர் கொண்டுவந்த நீரேற்று நிலையத்தையும் கட்டிய குடியேறிகளின் கதை அது. நகர வரலாற்றில் பெயர் பதியாத கூலிகளை அந்நாவல் மேலே கொண்டுவருகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஒண்டாச்சி கொழும்பில் பிறந்தவர். மிஸ்திரி மும்பையில் பிறந்தவர். போட்டியில் இருந்த அவருடைய 'எ ஃபைன் பேலன்ஸ்' நாவலின் களம் நெருக்கடிநிலைக் கால இந்தியா. ஆக, ஒரு நாடு தன் தேசிய நாவல் எது என்று முதன்முதலாக வானொலியில் விவாதித்தபோது, மேசைமேல் இருந்த ஐந்தில் இரண்டு நம் கரையிலிருந்து புறப்பட்டவர்கள் எழுதியவை. 'தேசிய நாவல்' என்ற சொல்லின் பொருளே அந்த மேசையில் விவாதத்துக்கு உள்ளாகியிருந்தது.

2018இல் இந்த விவாதம் தமிழர்களை நேராகவே தொட்டது. ஷாரன் பாலாவின் 'த போட் பீப்பிள்' அவ்வாண்டின் ஐந்தில் ஒன்று. 2010 ஆகஸ்டில் 'சன் சீ' என்ற கப்பல் இலங்கைத் தமிழர் 492 பேரைச் சுமந்துகொண்டு கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. வந்தவர்கள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு, அகதிகளா ஆபத்தானவர்களா என்று விசாரிக்கப்பட்டார்கள். அந்நிகழ்வைத் தழுவிய நாவல் அது. அகதியின் விதியைத் தீர்மானிக்கும் இடத்தில் அமர்ந்திருக்கும் ஜப்பானிய வம்சாவளிப் பெண்ணின் சொந்தக் குடும்பமே, இரண்டாம் உலகப் போரின்போது இதே அரசால் முகாமில் அடைக்கப்பட்டது என்பது அதன் கூர்மையான முடிச்சு. அந்நாவலுக்காக வாதிட்டவர் ஆப்கானிஸ்தானில் பிறந்த பாடகி மொஜ்தா ஜமால்சாதா. நாவல் வெல்லவில்லை. வென்றது மார்க் சகமோட்டோவின் 'ஃபர்கிவ்னஸ்' என்ற குடும்ப நினைவு நூல். அதுவும் ஜப்பானியக் கனடியர் பட்ட அதே துயரைப் பேசுவது. வெற்றி தோல்வியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஈழத் தமிழ் அகதி ஒருவனின் வழக்கை ஒரு நாட்டின் பொது ஒலிபரப்பில், இன்னொரு போரிலிருந்து வந்த ஒருத்தி எடுத்துப் பேசினாள்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. தன் புத்தகம் தப்பிப்பதற்காக வலுவான எதிரியை முதலில் வீழ்த்தும் கணக்கு வாக்களிப்பில் நுழைந்துவிடுகிறது. 2012இல் புனைவல்லாத நூல்கள் போட்டியிட்டபோது, வழக்காடிகளில் ஒருவர் ஓர் ஆசிரியரைப் பயங்கரவாதி என்றே ஒலிபரப்பில் சொல்லிப் பெருஞ்சர்ச்சை எழுந்தது. அந்த நூலே அவ்வாண்டு வென்றது. சூடான பேச்சு புத்தகத்தை விழுங்கிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. எனினும் எந்தக் காரணத்தால் ஒரு நூல் வெளியேறியது என்பது கேட்பவருக்குத் தெரிகிறது. ஒப்புக்கொள்ளலாம், கோபப்படலாம், இருட்டில் நிற்க வேண்டியதில்லை.

மூடிய அறையின் வரலாறு

இனி நம் பக்கம். சாகித்திய அகாதெமி 1954 மார்ச்சில் தொடங்கப்பட்டது. 1955 முதல் ஆண்டுதோறும் மொழிக்கு ஒரு நூல் என்று பரிசளித்து வருகிறது. தொடக்கத்தில் பரிசுத்தொகை 5,000 ரூபாய். 2009 முதல் ஒரு லட்சம். நூல் பட்டியல் தொகுக்கப்பட்டு, பரிந்துரைகள் பெறப்பட்டு, இறுதியில் மூன்று நடுவர்கள் தீர்மானிப்பார்கள். வரையறுத்த சில ஆண்டுகளுக்குள் முதற்பதிப்பாக வெளிவந்த நூலாக இருக்க வேண்டும் என்பது விதி. பரிசு அறிவிக்கப்படும்போது பாராட்டுரை வெளிவருகிறது. அறைக்குள் நடந்த வாதம் வெளிவருவதில்லை.

தமிழில் முதன்முதலாக இப்பரிசைப் பெற்ற நாவல் கல்கியின் 'அலை ஓசை' (1956). கல்கி 1954 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார். மக்கள் இன்றும் கொண்டாடும் 'பொன்னியின் செல்வ'னுக்கு அன்றி 'அலை ஓசை'க்குப் பரிசு கிடைத்தது தற்செயலாகத் தோன்றவில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் தொடங்கி தில்லிக்குச் சென்று, பீகார் நிலநடுக்கம், நாட்டுப் பிரிவினைக் கலவரம், காந்தியின் மறைவு வரை நீளும் கதை அது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் அகாதெமி, தமிழிலிருந்து எடுத்துக்கொள்ளத் தேசத்தின் கதையையே தேடியிருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு.

அடுத்து வந்த ஆண்டுகளில் நாவலுக்கு இடம் அரிதாகவே கிடைத்தது. 1955 முதல் 1970 வரையிலான பதினாறு ஆண்டுகளில் 'அலை ஓசை', மு. வரதராசனின் 'அகல் விளக்கு' (1961), அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' (1963) ஆகிய மூன்று நாவல்களுக்கே பரிசு. 1957, 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் தமிழுக்குப் பரிசே இல்லை. எஞ்சியவை கட்டுரை, பயணநூல், ஆராய்ச்சி, கவிதை, நாடகம், சிறுகதை.

பரிசு இல்லாத அந்த ஆண்டுகளையும், நாவல் இல்லாத அந்த ஆண்டுகளையும் அருகில் வைத்துக்கொண்டு, அன்று வெளிவந்த நாவல்களை எண்ணிப் பாருங்கள். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளும் 'அம்மா வந்தா'ளும், சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யும் (1966), நீல பத்மநாபனின் 'தலைமுறைக'ளும் (1968) அக்காலத்தவை. இவற்றுள் எதற்கும் பரிசில்லை. தி. ஜானகிராமனுக்கு 1979இல் 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுதிக்குக் கிடைத்தது. நீல பத்மநாபனுக்கு 2007இல் 'இலையுதிர் காலம்' நாவலுக்கு. சுந்தர ராமசாமிக்கு இறுதிவரை இல்லை. லா.ச. ராமாமிர்தத்துக்கு 1989இல் 'சிந்தாநதி'க்கு, க.நா. சுப்ரமண்யத்துக்கு 1986இல் 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்ற கட்டுரை நூலுக்கு. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு 1991இல் பரிசு. பூமணியின் 'பிறகு' 1979இலும் 'வெக்கை' 1982இலும் வந்தன. 2014இல் 'அஞ்ஞாடி'க்குப் பரிசு.

இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. விதி நூலைக் கேட்கிறது. நடுவர் மனம் ஆசிரியரை நினைக்கிறது. உரிய காலத்தில் தவறவிட்ட நாவலுக்கான கடன், பல ஆண்டுகள் கழித்து வேறொரு நூலின் பெயரில் அடைக்கப்படுகிறது. ஆசிரியருக்கு ஓரளவு நீதி கிடைத்துவிடுகிறது. நாவலுக்கு அது கிடைப்பதில்லை. விருது பெற்ற நூல் என்பதால் பிற இந்திய மொழிகளில் பெயர்க்கப்படும் வாய்ப்பு எதற்குக் கூடுகிறதோ, அந்நூலைக் கொண்டே வங்காளியும் கன்னடியரும் நம்மை அளப்பார்கள். ஓர் எழுத்தாளரின் உச்சம் இங்கேயே தங்கிவிட, அவருடைய பிற்கால நூலொன்று எல்லை தாண்டுகிறது.

காலந்தாழ்ந்து வந்த பரிசுகளில் சில ஆசிரியர் மறைந்த பிறகே வந்தன. கு. அழகிரிசாமி 1970இல் காலமானார். அவ்வாண்டுப் பரிசு அவருடைய 'அன்பளிப்பு' தொகுதிக்கு. ஆதவன் 1987இல் மறைந்தார். அவ்வாண்டே 'முதலில் இரவு வரும்' தொகுதிக்கு. சி.சு. செல்லப்பா தம் முதுமையில் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'சுதந்திர தாகம்' 2001இல் பரிசு பெற்றபோது அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1955 முதல் 2024 வரை தமிழில் இப்பரிசைப் பெற்ற பெண்கள் நால்வர்: ராஜம் கிருஷ்ணன் ('வேருக்கு நீர்', 1973), லக்ஷ்மி ('ஒரு காவிரியைப் போல', 1984), திலகவதி ('கல்மரம்', 2005), அம்பை (2021). முதல் மூவரும் நாவலுக்காகப் பெற்றார்கள். மூடிய அறையில் எந்தப் பெயர்கள் எடுத்துப் பேசப்பட்டன, எவை பேசப்படவே இல்லை என்று நாம் கேட்க இந்த எண்ணிக்கையே போதும்.

1975: பரிசுக்குப் பின் வந்த வாதம்

பாரதிய ஞானபீடம் வழங்கும் பரிசு 1965இல் மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குருப்பின் 'ஓடக்குழ'லுடன் தொடங்கியது. எல்லா இந்திய மொழிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்று என்பதால் போட்டியின் கடுமை அதிகம். தொடக்கத்தில் அது ஒரு குறிப்பிட்ட நூலுக்கே வழங்கப்பட்டது. 1982 முதல் ஆசிரியரின் மொத்தப் பங்களிப்புக்கு என்று மாற்றப்பட்டது. தமிழுக்கு முதன்முறையாக அது வந்தது 1975ஆம் ஆண்டுக்கு. நாவல், ஆனந்த விகடனில் தொடராக வந்த அகிலனின் 'சித்திரப்பாவை'.

தமிழ்நாட்டில் ஒரு நாவலை முன்வைத்து 'இதற்குத் தகுதி உண்டா' என்ற கேள்வி பெரிய அளவில் எழுந்தது அப்போதுதான். பெருந்திரளான வாசகர்களும் பத்திரிகைகளும் மகிழ்ந்தன. முதல்முறையாகத் தமிழுக்குக் கிடைத்த பெருமை என்று விழாக்கள் நடந்தன. சிற்றிதழ்ச் சூழல் அதிர்ச்சியோடு எதிர்த்தது. சுந்தர ராமசாமி 'போலி முகங்கள்' என்ற கட்டுரையை எழுதினார். தமிழ் விமரிசன வரலாற்றில் அது இன்றும் பேசப்படும் கட்டுரை. எதிர்ப்பின் சாரத்தை என் சொற்களில் சுருக்கினால் இப்படி வரும்: வார இதழின் தேவைக்கேற்ப வார்க்கப்பட்ட இலட்சியப் பாத்திரங்களை நாட்டின் முன் தமிழ் நாவலின் முகமாக நிறுத்துவது, உண்மையில் எழுதப்பட்ட தமிழ் நாவலை மறைப்பதாகும்.

மறுதரப்பின் நியாயத்தையும் கேட்பது நேர்மை. அகிலன் தம் தலைமுறையில் லட்சக்கணக்கானவர்களை வாசிப்புக்குள் அழைத்து வந்தவர். கலைஞன் ஒருவனின் நேர்மைக்கும் பணத்தின் அதிகாரத்துக்கும் இடையிலான மோதலை நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் பேசுபொருளாக்கியவர். அன்றைய பெண் வாசகர்கள் பலருக்கு, பிடிக்காத மணத்திலிருந்து நாயகி வெளியேறும் முடிவு சாதாரணமானதாக இருந்திருக்காது. இதை யாரேனும் ஒருவர் பொதுவில் எழுந்து, 'மோகமு'ள்ளையும் 'தலைமுறைக'ளையும் எதிரில் வைத்துக்கொண்டு வாதிட்டிருந்தால், தமிழ் நாவலைப் பற்றிய ஒரு பெரிய உரையாடல் பிறந்திருக்கும். நடந்தது அதுவன்று. ஒரு பக்கம் விழா, மறுபக்கம் கட்டுரை. இரண்டும் ஒரே அறையில் சந்திக்கவில்லை. மாலை போட்டவர் கட்டுரையைப் படிக்கவில்லை. கட்டுரையைப் படித்த சில நூறு பேர் விழாவுக்குப் போகவில்லை.

அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே பரிசைப் பெற்றவை வங்காளத்தில் ஆஷாபூர்ணா தேவியின் 'பிரதம பிரதிஸ்ருதி' (1976), கன்னடத்தில் சிவராம காரந்தரின் 'மூகஜ்ஜிய கனசுகளு' (1977). மூன்றையும் வரிசையாகப் படிக்கும் மாணவர் எவருக்கும் சிற்றிதழ்க்காரர்களின் கோபம் எங்கிருந்து வந்தது என்று விளங்கிவிடும். காரந்தரின் மூதாட்டி தன் கனவுகளில் மனித குலத்தின் சமய வரலாற்றையே கிளறுகிறாள். அந்த உயரத்தில் வைக்கத் தமிழில் அன்று நாவல் இல்லாமல் இல்லை. வைப்பவர் இல்லை என்பதே எதிர்ப்பாளர்களின் வழக்கு. என் வாசிப்பிலும் அவ்வழக்கில் வலு இருக்கிறது.

வரலாற்றின் சிறு வேடிக்கை ஒன்று உண்டு. அகாதெமியும் ஞானபீடமும் கண்டுகொள்ளாத சுந்தர ராமசாமிக்குக் கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டத்தின் முதல் இயல் விருது 2001இல் டொரொண்டோவிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டின் வானொலி தன் நாவல் வழக்கைத் தொடங்கியது.

வானொலி இருந்தது, மேடையும் இருந்தது

வானொலியில் நாவல் விவாதம் நடத்தத் தமிழுக்கு வசதி இல்லாமற் போயிற்று என்று சொல்ல முடியாது. பரிசு பெற்றவர்களில் பலரே வானொலிக்காரர்கள். 'அக்கரைச் சீமையிலே'க்காக 1962இல் பரிசு பெற்ற மீ.ப. சோமு, அகிலன், தி. ஜானகிராமன், சு. சமுத்திரம் ஆகிய அனைவரும் அகில இந்திய வானொலியில் பணியாற்றியவர்கள். திருநெல்வேலி நிலையம் 1963இலும் மதுரை நிலையம் 1987இலும் தொடங்கப்பட்டன. எங்கள் வட்டாரத்தில் இரண்டின் ஒலியும் கேட்கும். நாடகம், கவியரங்கம், நூல் அறிமுகம் எல்லாம் அவற்றில் உண்டு.

வாதிடும் வடிவமும் நம்மிடம் உண்டு. பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வருகிறது. இருபதாம் நூற்றாண்டில் காரைக்குடிக் கம்பன் கழகமும் குன்றக்குடி அடிகளாரும் அதற்குப் புத்துயிர் தந்தார்கள். பிறகு சாலமன் பாப்பையா வழியாகத் தொலைக்காட்சியில் பண்டிகைதோறும் வீட்டுக்குள் வந்தது. கைகேயி குற்றவாளியா, கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று நாம் ஓயாமல் வாதிட்டிருக்கிறோம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பாத்திரங்களுக்காக வழக்காட ஆள் கிடைத்தது. நேற்று வந்த நாவலுக்காக வழக்காடும் வழக்கம் மட்டும் அந்த மேடையில் வேரூன்றவில்லை.

காரணத்தை ஊகிக்கலாம். பட்டிமன்றத்துக்கு, கேட்பவர் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த கதை வேண்டும். இராமாயணத்தை எடுத்துச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. கைதட்டல் உடனே வரும். புதிய நாவலைப் படித்திருப்பவர் சிலர். எனவே மேடை நாவலைத் தவிர்த்தது. மேடை தவிர்த்ததால் நாவல் சிலருடையதாகவே நின்றது. கனடாவின் நிகழ்ச்சி இந்தச் சுழலை வேறொரு பக்கத்திலிருந்து உடைத்தது. விவாதம் தொடங்குவதற்கு வாரக்கணக்கில் முன்பே ஐந்து நூல்களின் பட்டியலை வெளியிட்டுவிடும். மக்கள் படித்துவிட்டு வந்து கேட்பார்கள். முன்கூட்டியே வெளியிடப்படும் பட்டியல் ஒன்றுதான் வேறுபாடு. அந்தச் சிறிய வேறுபாடு ஒரு நாட்டின் புத்தகக் கடைகளையே அசைத்தது.

பிளவக்கல்லிலிருந்து பார்த்தால்

யார் வழக்காடத் தகுதியானவர் என்ற கேள்விக்கு எங்கள் மலையடிவாரம் ஒரு விடை தருகிறது.

வத்திராயிருப்புக்கும் கூமாபட்டிக்கும் மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் பிளவக்கல். அங்கே பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். முல்லைப் பெரியாற்றோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. இது சிறிய ஓடை. மலையில் மழை பெய்து அணை நிறைந்து மடை திறந்தால், கீழே கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகும். மேலேயுள்ள கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழேயுள்ளதற்கு நீர். அதனால் ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊரின் கலுங்கைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும்.

இந்த நிலத்திலிருந்து அகாதெமிப் பரிசு பெற்ற இரண்டு நாவல்களைப் படிக்கலாம். ஒன்று வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' (2003): வைகை அணைக்காக நீரில் மூழ்கிய ஊர்களின் கதை. மற்றொன்று சோ. தர்மனின் 'சூல்' (2019): உருளைக்குடி என்ற கரிசல் கிராமத்தின் கண்மாய், ஊரார் பராமரித்த காலத்தில் சூல்கொண்டு நின்றதையும், விடுதலைக்குப் பின் அரசின் உடைமையாகி யாருக்கும் உரியதல்லாமல் தூர்ந்ததையும் சொல்வது. அணை ஊரை விழுங்கிய கதை ஒன்று. கண்மாயை ஊர் இழந்த கதை மற்றொன்று. பிளவக்கல்லில் மேலே அணை, கீழே கண்மாய். இரண்டுக்கும் நடுவே நிற்பவருக்கு இரண்டு நாவல்களும் ஒன்றையொன்று விசாரிப்பது தெரியும்.

இவற்றுள் எது சிறந்தது? என் தெரிவு 'சூல்'. 'இதிகாச'த்தின் மொழி வலிமையானது. பேயத்தேவரின் துயரம் கண்ணீரை வரவழைப்பது. ஆனால் அங்கே ஒரு மனிதனின் துயரத்தின் உயரத்துக்கு முன்னால் ஊரின் இயக்கம் பின்னணியாகிவிடுகிறது. 'சூ'லில் நாயகன் என்று ஒருவனைச் சுட்ட முடியாது. கண்மாயைச் சுற்றி நீர்ப்பாய்ச்சி, ஆசாரி, குயவர், மீன் பிடிப்பவர், தெய்வங்கள், பறவைகள் எல்லாம் ஒரு வாழ்க்கை முறையாக இயங்குகின்றன. அந்தக் கட்டமைப்பு குலையும்போது எது போயிற்று என்பதை எண்ணிப் பார்க்கும் வேலை நமக்குத் தரப்படுகிறது. பழைய ஊர் ஒழுங்கின் சாதிக் கொடுமையை நாவல் போதிய அழுத்தத்துடன் சொல்கிறதா என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு விடை சொல்லும் பொறுப்பு எனக்கு இருக்கிறது என்பதே இப்படி வெளிப்படையாகத் தெரிவைச் சொல்வதன் பயன்.

இந்நாவலுக்காக வானொலியில் வழக்காட ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பேராசிரியரைத் தேடமாட்டேன். இன்றும் கண்மாய் மடையைத் திறந்து அடைக்கும் பொறுப்பில் இருக்கும் ஒரு நீர்ப்பாய்ச்சியைத் தேடுவேன். நாவலில் எங்கே தண்ணீர் சரியாக ஓடுகிறது, எங்கே கற்பனையில் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். அவருடைய எதிர்ப்பும் எனக்கு வேண்டும்.

எங்கள் மாவட்டமும் அண்டை மாவட்டமும் இதில் வியப்பூட்டுபவை. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்ற ஒரே சிற்றூர் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்று இரண்டு அகாதெமிப் பரிசாளர்களைத் தந்தது. மேலாண்மறைநாட்டு மேலாண்மை பொன்னுச்சாமிக்கு 2008இல், பூமணிக்கு 2014இல், மல்லாங்கிணறு எஸ். ராமகிருஷ்ணனுக்கு நாதசுரக் கலைஞர்களைப் பற்றிய 'சஞ்சாரம்' நாவலுக்காக 2018இல், அடுத்த ஆண்டே சோ. தர்மனுக்கு. மழை குறைந்த கரிசலில் பரிசு பெய்திருக்கிறது. ஆயினும் இவர்களின் ஊர்க்காரர்களில் எத்தனை பேர் இந்நூல்களைப் படித்திருக்கிறார்கள் என்று கேட்டால் தலைகுனிய நேரும். பரிசுச் செய்தி நாளிதழில் ஒருநாள் வருகிறது. பாராட்டுக் கூட்டம் ஒன்று நடக்கிறது. நாவல் நூலகத்தின் அலமாரியில் ஏறிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

அண்மைக்காலத்தில் நாவலுக்கு அகாதெமியில் குறையில்லை. 1990 முதல் 1995 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ச்சியாக நாவல்களே பெற்றன. 2011 முதல் 2014 வரை 'காவல் கோட்டம்', 'தோல்', 'கொற்கை', 'அஞ்ஞாடி' என நான்கு பெரிய நாவல்கள். 2018, 2019, 2020 மூன்றிலும் நாவல்களே. இவற்றுள் பல தகுதியானவை. ஆகவே என் குறை தெரிவின்மீது அன்று; தெரிவுக்கான வாதம் காற்றில் கேட்காமற் போவதன்மீது.

வாக்கெடுப்பு நிகழ்ச்சியை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் தொலைக்காட்சியின் கையில் அது சிக்கினால் என்ன ஆகும் என்று அனைவரும் அறிவோம். ஆனால் இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்து நாவல்களின் பெயரை மூன்று மாதங்களுக்கு முன் பரவலாக அறிவித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவர் அரை மணிநேரம் வானொலியில் பேசி, மற்ற நால்வரும் மறுத்துக் கேள்வி எழுப்ப வழிசெய்தால் போதும். தீர்ப்பை நடுவர்களே சொல்லட்டும். தோற்ற நான்கு நாவல்களும் அந்த மூன்று மாதங்களில் படிக்கப்பட்டிருக்கும். 1975இல் இப்படியொரு ஏற்பாடு இருந்திருந்தால் 'சித்திரப்பாவை'யே வென்றிருக்கலாம். ஆனால் அதே கோடையில் 'தலைமுறைக'ளின் உண்ணாமலை ஆச்சியைத் தமிழ்நாடு முழுவதும் அறிந்திருக்கும்.

அரசோ அகாதெமியோ செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கல்லூரித் தமிழ்த்துறைகளும் ஊர் நூலகங்களின் வாசகர் வட்டங்களும் தத்தம் அளவில் இதைத் தொடங்கலாம். ஐந்து நாவல்கள், ஐந்து வழக்காடிகள், அவர்களில் மூவராவது இலக்கியத் துறைக்கு வெளியே இருந்து வருபவர்கள். பஞ்சாலைத் தொழிலாளி, செவிலி, நீர்ப்பாய்ச்சி.

இதைப் படிக்கும் நண்பர்கள் தங்கள் ஐந்து நாவல்களையும், அவற்றுக்காக யாரை வழக்காட அழைப்பார்கள் என்பதையும் எழுதினால் மகிழ்வேன். என் பட்டியலில் முதலிடம் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மா'ளுக்கு. 1942இல் வந்த அந்தச் சிறிய நாவலுக்கு அகாதெமிப் பரிசு கிடைக்கும் வாய்ப்பே இருக்கவில்லை, அகாதெமியே அதற்குப் பிறகுதான் பிறந்தது. வழக்காடியாக நான் அழைக்க நினைப்பது, கணவனை இழந்தபின் பங்காளிகளிடம் தன் நிலத்தைக் கேட்டு நின்ற ஏதேனும் ஒரு கிராமத்துப் பெண்ணை.